அக்கா சொன்ன எல்.சி.எஸ்.டபிள்யூ. கோலாலம்பூரில் ஏன் அகப்படவில்லை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறீர்கள், முதல் குழந்தைக்கு ஏழு மாதம். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் அக்காவைப் பிரசவத்துக்குப் பிறகு தூக்கி நிறுத்தியவர் ஒரு 'லைசென்ஸ்டு கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர்', சுருக்கமாக எல்.சி.எஸ்.டபிள்யூ. எல்லாமே வீடியோவில்தான் நடந்தது. நீயும் அப்படி ஒருவரைப் பிடி என்று அக்கா சொல்கிறார். மூன்று நாள் தேடியும் கோலாலம்பூரில் அந்தப் பட்டத்தோடு ஒருவரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் 'லைஃப் கோச்', 'ஹீலர்', 'தெரப்பிஸ்ட்' என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவர்களில் யாரை நம்புவது, தமிழில் பேச ஆள் உண்டா, அக்காவின் ஆளையே இங்கிருந்து பார்க்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை 'எல்லா அம்மாக்களுக்கும் இப்படித்தான்' என்று ஒதுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இப்படித்தான் மெல்லத் தலைகாட்டும். அதே நேரம், பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்பி தடுமாறினாலும், இரத்தச்சோகை இருந்தாலும் கிட்டத்தட்ட இதே களைப்பும் படபடப்பும் வரும். பேச்சு வைத்தியம் தைராய்டைச் சரிசெய்யாது. அதனால் ஆன்லைனில் ஆள் தேடுவது ஒரு பக்கம் நடக்கட்டும், இந்த வாரமே பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்கு, போய் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குழந்தைக்கு ஊசி போடும் அதே இடம்தான். பதிவுக்கு ஒரு ரிங்கிட். தாதியிடம் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொன்னால் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் போன்ற ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். அதில் வரும் மதிப்பெண் நோயின் பெயர் அல்ல. டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்பதற்கான ஓர் அறிகுறி, அவ்வளவுதான்.

ஆனால் செத்துப்போகலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால், அல்லது மற்றவர்களுக்குக் கேட்காத குரல் காதில் கேட்டால், நாள்கணக்கில் தூங்காமலேயே உடம்பு பரபரவென்று இருந்தால், ஆன்லைன் தேடல் எதுவும் வேண்டாம். வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது அவசர எண் 999ஐ அழையுங்கள். பேசினால் போதும் என்று தோன்றினால் உதவி எண் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929. தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். 'வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே' என்ற பயம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

இனி உங்கள் தேடல். நான் பினாங்கில், யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்தவள். நாட்டிலேயே அந்தப் படிப்பு முதலில் தொடங்கியது அங்கேதான், 1975இல். அதன் பிறகு 26 வருடம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப்பணி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றேன். வார்டில் எனக்குப் பெயர் 'வெல்ஃபேர் அம்மா'. டயாலிசிஸுக்குப் பணம், செயற்கைக் காலுக்குப் பணம் என்று கேட்டுத்தான் என் மேசைக்கு வருவார்கள். பாரம் பூர்த்தி செய்து முடிந்து, எழுந்து கதவுவரை போய், அங்கே நின்று திரும்பி, "இன்னொரு விஷயம் மா..." என்பார்கள். உங்கள் கடைசி வரியை நான் ஏன் முதலில் எடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அக்கா சொல்லும் எல்.சி.எஸ்.டபிள்யூ. என்பது அமெரிக்க உரிமம். சமூகப்பணியில் முதுகலை, அதற்குமேல் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் சில வருடம் பயிற்சி, பிறகு கிளினிக்கல் தேர்வு. கலிபோர்னியாவில் அந்தப் பயிற்சி மட்டும் 3,000 மணி நேரம். உரிமம் கொடுப்பது மத்திய அரசு அல்ல, அந்தந்த மாநில வாரியம். அதனால் எழுத்துகள்கூட ஊருக்கு ஊர் மாறும்: மாசசூசெட்ஸில் எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ., ஒஹாயோவில் எல்.ஐ.எஸ்.டபிள்யூ. பொதுவாக இவர்கள் மனநலக் கோளாறைக் கண்டறியலாம், பேச்சு சிகிச்சை கொடுக்கலாம், மருந்து எழுத முடியாது. அமெரிக்காவில் பேச்சு சிகிச்சை கொடுப்பவர்களில் பெரும் பகுதி இவர்கள்தான். அதனால் உங்கள் அக்காவுக்கு அந்தப் பெயரே வாயில் வருவது இயல்பு.

நம் நாட்டில் சமூகப்பணி வேறு பாதையில் வளர்ந்தது. இங்கே சோஷியல் ஒர்க்கர் என்றால் சமூகநலத்துறை, அதாவது ஜே.கே.எம்., இல்லையென்றால் என்னைப் போல மருத்துவமனை ஆள், இல்லையென்றால் ஏதாவது ஓர் அரசு சாரா அமைப்பு. சமூகப்பணிக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று 2010இலேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது வருடக்கணக்கில் வரைவாகவே இழுபட்டது. அதற்குள் ஒரு தலைமுறை அதிகாரிகள் பென்ஷன் வாங்கிவிட்டோம். மருத்துவமனை சமூகப்பணியாளர்களை மட்டும் 2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எங்கள் வேலை வார்டு நோயாளிகளோடு. தனியாக போர்டு மாட்டி ஆன்லைன் தெரப்பி கொடுப்பவர்கள் எங்களில் அபூர்வம். ஆக உங்கள் தேடலில் குறை இல்லை. நீங்கள் தேடியது இன்னோர் ஊரின் பெயர்ப்பலகை.

இங்கே தேட வேண்டிய பெயர்கள் வேறு. அதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் குறுக்குவழி வருமானவரி. 2022 வரி ஆண்டிலிருந்து, மனநல ஆலோசனைச் செலவையும் 1,000 ரிங்கிட் வரையிலான மருத்துவப் பரிசோதனைச் சலுகைக்குள் கணக்குக் காட்டலாம். ஆனால் யாரிடம் போனாலும் காட்ட முடியாது. மூன்றே பேர்: மனநல மருத்துவர், 774ஆம் சட்டத்தின் கீழ் பதிந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், 1998ஆம் ஆண்டின் கவுன்சிலர் சட்டத்தின் கீழ் பதிந்த கவுன்சிலர். வரி வாரியம் மனசைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரசீதைத் தட்டிப் பார்ப்பதில் அவர்களைப் போல ஆள் கிடையாது. நீங்கள் பார்க்கப்போகிறவர் இந்த மூன்றில் ஒன்றா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த கேள்வி பதிவு எண்.

கவுன்சிலர் என்றால் பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்று இருக்கும். இந்த பி.ஏ. காலேஜ் பட்டம் இல்லை. கே.பி. என்பது கவுன்சிலர் பெர்டாஃப்தார், பதிவுபெற்றவர். பி.ஏ. என்பது பெராகுவான் அமாலான், தொழில் செய்ய அனுமதிச் சான்றிதழ். இரண்டும் வேண்டும். பதிவு மட்டும் இருந்து அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு. லெம்பாகா கவுன்சிலர் மலேசியாவின் இணையப் பதிவேட்டில் நீங்களே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் முதுகலையே அந்தத் துறையில் முடித்திருக்க வேண்டும். யூ.கே.எம்., ஹெல்ப் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பு இருக்கிறது. அவர்களுக்குத் துணை சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்த டாக்டர், மருந்து எழுதக்கூடியவர் இவர்களில் இவர் மட்டுமே. 'தெரப்பிஸ்ட்', 'கோச்', 'ஹீலர்', 'ஹிப்னோ' எதற்கும் இப்படி ஒரு பதிவேடு கிடையாது. அப்படிப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன், நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தவறு செய்தால் நீங்கள் புகார் கொண்டுபோக ஒரு கதவு இல்லை.

உங்களுக்கு இதில் யார்? எழுதியதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நேரில் பார்க்காமல் சொல்பவரை நம்பவும் வேண்டாம். தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, ஆனால் சாப்பிடுகிறேன், குழந்தையைக் கவனிக்க முடிகிறது என்றால் பிரசவகாலத் தாய்மார்களோடு வேலை செய்த ஒரு கவுன்சிலரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ நல்ல தொடக்கம். எழுந்து குளிக்கவே முடியவில்லை என்ற நிலை என்றால் முதலில் மனநல மருத்துவர். பால் கொடுக்கும்போதும் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு, பக்கத்து வீட்டம்மா முடிவு அல்ல. மனநல மருத்துவர் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைதான் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மருத்துவமனை 1911இல் கட்டியது, சிலருடைய அறிவும் அந்த வருடத்திலேயே நின்றுவிட்டது.

அக்காவின் ஆளைப் பற்றி. வீடியோவில் பேசினாலும், நோயாளி உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் சிகிச்சை நடப்பதாக அமெரிக்க வாரியங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. நியூ ஜெர்சி உரிமம் பக்கத்து மாநிலத்துக்கே தானாகச் செல்லாது, செந்தூல் எங்கே? ஒழுங்கான ஆள் என்றால் அவரே மறுத்துவிடுவார். 'பரவாயில்லை, தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு பயன் இருக்கிறது: அவரிடம் எந்த முறை தனக்கு உதவியது என்று அக்காவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எண்ணங்களைப் பிடித்துத் திருத்தும் சி.பி.டி.யா, உறவுச் சிக்கலை மையமாக வைத்த ஐ.பி.டி.யா? அந்த முறையை இங்கே தேடலாம், ஆளை அல்ல.

சென்னையிலிருந்து ஒருவரைப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இந்தியாவில் உங்கள் அக்கா சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான படிப்பு படித்தவர்கள் உண்டு: சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கில் எம்.ஃபில்., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில். 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலச் சட்டமும் அவர்களைத் தனியாக அங்கீகரிக்கிறது. தமிழ் சரளமாக இருக்கும், கட்டணமும் பெரும்பாலும் குறைவு. இரண்டு சங்கடங்கள். நள்ளிரவில் நீங்கள் உடைந்துபோனால் அவரால் செந்தூலில் யாரை அழைக்க முடியும்? இரண்டாவது சின்னது, ஆனால் களைப்பூட்டும்: தாமான் (குடியிருப்பு) என்றால் என்ன, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) ஏன் முக்கியம், மாமியார் ஏன் இ.பி.எஃப். (சேமநிதி) பணத்தைப் பற்றியே பேசுகிறார் என்று பாதி நேரம் பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

அப்படியிருந்தும் பலர் ஏன் சென்னைக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே நம் சமூகம் சின்னது. தமிழ் பேசும் கவுன்சிலர் என்றால் அவர் உங்கள் சித்தியின் கோயில் கமிட்டியில் இருப்பார், அல்லது அவர் தங்கையும் உங்கள் நாத்தனாரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். இந்தப் பயம் நியாயமானது, வெட்கப்பட வேண்டாம். முதல் அழைப்பிலேயே கேளுங்கள்: "நம் குடும்பங்களுக்குள் பழக்கம் இருந்தால் என்ன செய்வீர்கள்?" நல்ல கவுன்சிலர் என்றால், நீங்கள் தெரிந்த குடும்பம் என்று தெரிந்ததும் வேறொருவரிடம் அனுப்பிவைப்பார். செந்தூலில் இருப்பவர் பினாங்கிலோ ஜொகூரிலோ இருக்கும் கவுன்சிலரைப் பார்க்கலாம், ஆன்லைனின் பெரிய லாபமே அதுதான். இந்த நாட்டுப் பதிவேடு, உங்களுக்குப் புரியும் தமிழ், 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். மொழி பற்றி இன்னொன்று: சுத்தத் தமிழ் பேசுபவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வீட்டில் நீங்கள் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுகிறவர் என்றால், அந்தக் கலவை புரிகிற ஆள் போதும்.

ஆன்லைனில் பேசினால் வேலை செய்யுமா? மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழி சிகிச்சை நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய இணையாகப் பலன் தருகிறது என்பதில் துறைக்குள் பெரிய சண்டை இல்லை. உங்களுக்குச் சரிவருமா என்பதுதான் சந்தேகத்துக்குரியது, அது மூன்று நான்கு அமர்வு கழித்துத்தான் தெரியும். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் நாங்கள் நோயாளிகளைத் தொலைபேசியில்தான் தொடர்ந்தோம். என் எதிரே வாயே திறக்காத சிலர் போனில் கொட்டித் தீர்த்தார்கள். நேரில் நன்றாகப் பேசிய சிலர் போனில் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, கணவர் அதே அறையில் இருந்திருக்கிறார்.

பணம். தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 150 முதல் 350 ரிங்கிட் வரை கேட்பதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேலும் உண்டு. அது முடியாது என்றால் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து கடிதம் வாங்கி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும், அதை மறைக்கமாட்டேன். பல்கலைக்கழகங்களில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி கவுன்சிலர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பதுண்டு. தான் பயிற்சியாளர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் தவறே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் யாரோ ஒருவர் முன் கை நடுங்க உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு ஆப்களில் ஆளைப் பொருத்திக் கொடுப்பார்கள், வசதிதான். ஆனால் அவர்கள் காட்டும் உரிமம் பெரும்பாலும் வேறொரு நாட்டுடையது. தகவல் விஷயமும் இருக்கிறது: பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் போன்றவர்களோடு பகிர்ந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டி, 2023இல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பதிவு செய்யும்போது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் மனசைத் திறந்து பதில் எழுத வேண்டியதில்லை.

முதல் அழைப்பில் பதிவு எண்ணோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார், அமர்வைப் பதிவு செய்வாரா, நீங்கள் நேரத்தைத் தவறவிட்டால் கட்டணம் என்ன, இணைப்பு அறுந்தால் என்ன செய்வார். அவர் உங்கள் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவர் எண்ணையும் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். எத்தனை வாரத்தில் சரியாகும் என்று உத்தரவாதம் தருபவரை விட்டுவிடுங்கள்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது, லிங்க் ஹவுஸில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில், மாமியாரோடு இருக்கும் பெண்ணுக்கு உரிமத்தை விடப் பெரிய பிரச்சினை. சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய் இடிப்பதுகூடக் கேட்கும். காரை வாசலிலிருந்து நாலு வீடு தள்ளி நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பேசுபவர்கள் நிறையப் பேர். கதவுக்கு வெளியே விசிறியை ஓட விடுவது இன்னொரு வழி. "டாக்டரோடு வீடியோ கால்" என்று மட்டும் வீட்டில் சொன்னால் போதும், அது முழுப் பொய்யும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொள்ளும், நிச்சயம். மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே பேசுங்கள். பிள்ளை பெற்றவர்களோடு வேலை செய்து பழகியவர் அதைக் கண்டுகொள்ளமாட்டார். முகம் சுளித்தால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுங்கள்.